கழுவிக் கொடுத்த மூட்டைகள்

வாருங்கள், அநியாயம் ஒன்றைக் காட்டுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பாருங்கள். அதில் இரத்தம் இருக்காது, கதறல் இருக்காது, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் கொடியவன் எவனும் இருக்கமாட்டான். ஒரு படைமுகாமின் பொருட்கிடங்கு. அதன் பின்புறம் சிமெண்டுத் தளம். தளத்தின்மேல் வரிசையாக அடுக்கிய மணல் மூட்டைகள். தடித்த கித்தான் துணியில் தைத்த மூட்டைகள் அவை. ஒவ்வொன்றின் வாயிலும் ஈய முத்திரை. முத்திரைக்குக் கீழே, 'இருபத்தைந்து கிலோ' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கிறது. அந்த மூட்டைகளின் அடியிலிருந்து நீர் கசிந்து, மெல்லிய கோடாகத் தளத்தைக் கடந்து, ஓரத்துச் சாக்கடையில் இறங்குகிறது.

அவ்வளவுதான். நீங்கள் காண வேண்டிய அநியாயம் அந்த நீர்க்கோடு. ஆறு ஆண்டுகளாக அது ஓடியது. படித்தவர்கள் ஓட விட்டார்கள், பதவியில் இருந்தவர்கள் தாண்டி நடந்தார்கள். கடைசியில் அதைக் கண்டு நின்றவள் ஒரு லாரி ஓட்டுநர்.

அவள் அந்த முகாமில் சரக்கு லாரி ஓட்டுகிறாள். ஏழு ஆண்டுகளாகப் போர்முனைக்குப் போகிறவர்களுக்கு மூட்டை ஏற்றி அனுப்புகிறவள். தானும் காலாட்படையில் சேர்ந்து போர்முனைக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றே. இருபத்தைந்து கிலோ மணல் மூட்டையை முதுகுப்பையில் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டரை ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று வாய்ப்புகள். இருபத்தெட்டு வயது நிறைந்துவிட்டால் அதுவும் இல்லை.

பெண்களுக்கு அந்தத் தேர்வு திறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று பேர் தேறியிருந்தார்கள். நாற்பத்தோரு பேர் தோற்றிருந்தார்கள். "கணக்கு பொய் சொல்லாது" என்று கூட்டங்களில் முழங்கியவர்கள் உண்டு. "பாவம், அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று பரிந்து பேசியவர்களும் உண்டு. அந்த நாற்பத்தோரு பேரில் ஒருத்திகூட அளவைக் குறைக்கக் கேட்டதில்லை. தேறிய மூவரையோ, சலுகையில் தேறியவர்கள் என்று உணவுக்கூடத்தில் காதுபடவே பேசினார்கள்.

ஓட்டுநர் இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் முறை இரண்டு நிமிட வித்தியாசத்தில், இரண்டாம் முறை நாற்பது விநாடி வித்தியாசத்தில். தண்ணீர் கேட்கமாட்டாள், முனகமாட்டாள் என்பதால் பயிற்சியாளர் அவளுக்கு 'ஒட்டகம்' என்று பட்டம் சூட்டியிருந்தார். பாராட்டா, ஏளனமா என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் தோல்விக்குப் பிறகு, அவள் விடுப்பில் வீட்டுக்குப் போனாள். வீடென்றால் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு பாய், சன்னலுக்குக் குறுக்கே துணிக்கொடி. அங்கே அவளுடைய அக்கா இருக்கிறாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறவள். நாளெல்லாம் ஊரார் துணியைத் துவைத்துவிட்டு வந்தவள், வீட்டிலும் வாளியின்முன் உட்கார்ந்து தங்கையின் சட்டையை விரித்துப் பார்த்தாள்.

"ஏய், இங்க வா. எங்கயாவது விழுந்தியா?"

"இல்லையே."

"அப்புறம் எப்படி முதுகுல மட்டும் சேறு?"

"வேர்வைக்கா."

"யார்கிட்ட சொல்ற? வேர்வைக்கும் சேத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா பதினாலு வருஷமா குப்பை கொட்டுறேன்? வேர்வை காஞ்சா உப்பு பூக்கும். வெள்ளையா வளையம் போடும். இது கலங்கின தண்ணி. மேலேருந்து வடிஞ்சிருக்கு பாரு, இடுப்பு வரைக்கும் கோடு. உன் மூட்டை நனைஞ்ச மூட்டை."

"நனைஞ்சிருந்தா என்ன?"

அக்கா சட்டையை வாளியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதும் ஒரு கை இடுப்பைத் தாங்கிக்கொண்டது. "என் இடுப்பைக் கேளு, அது சொல்லும். காஞ்ச போர்வை ஒண்ணரைக் கிலோ. மெஷின்லேருந்து உருவும்போது அதே போர்வை மூணு கிலோ. ஒரு நாளைக்கு எரநூறு உருவுறேன். என்னை எவன் வந்து பரீட்சை வச்சான்? தண்ணிக்கு எடை உண்டுடி. உங்க பெரிய மனுஷங்களுக்குத் தெரியலன்னா என்னை வந்து கேக்கச் சொல்லு."

எருதின் நோவு காக்கைக்குத் தெரியாது என்பார்கள். அக்கா எருது. அவளிடம் கேட்க யார் வருவார்கள்?

பேச்சு அன்றோடு முடிந்தது. இருவருக்கும் களைப்பு. ஒருத்தி குப்புறப் படுக்க மற்றவள் முதுகில் தைலம் தேய்த்தாள். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அன்பு என்பது பெரும்பாலும் அதுதான்.

ஆறு மாதம் கழிந்தது. கடைசி வாய்ப்பு வந்தது. அவளுக்கு இருபத்தெட்டு நிறைய நான்கு மாதம் இருந்தது.

தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை ஆண்கள் நடப்பார்கள். அதே மூட்டைகளோடு செவ்வாய்க்கிழமை பெண்கள் நடப்பார்கள். அந்தத் திங்கள் மாலை, சோப்புப் பெட்டிகளை இறக்குவதற்காக அவள் லாரியைக் கிடங்கின் பின்புறமாக ஓட்டிச் சென்றாள். அங்கே கிடங்குக்காரர், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். எதிரே அடுக்கிய மூட்டைகள். பீய்ச்சிய தண்ணீரில் கித்தான் கறுத்து மின்னியது.

"வாம்மா ஒட்டகம்! பாத்து வா, வழுக்கும்."

"என்னண்ணே பண்றீங்க?"

"நாளைக்கு உங்களுக்குப் பரீட்சையாச்சே! இந்தப் பசங்க கோட்டைத் தாண்டினதும் சேத்துல போட்டு உருட்டிட்டானுங்க. வேர்வை நாத்தம் வேற. பொம்பளப் புள்ளைங்க முதுகுல இதை அப்படியே ஏத்தினா எனக்கு அடுக்குமா? ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் தருவேன். எவனும் சொல்லல. நானாத்தான். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கில்ல?"

அவள் லாரியின் படியில் நின்றாள். காலடியில் அந்த நீர்க்கோடு ஓடியது. சட்டையின் முதுகில் அக்கா விரல் வைத்துக் காட்டிய அதே கலங்கிய நிறம்.

"ஆம்பளைங்களுக்கும் கழுவுவீங்களாண்ணே?"

"அவனுங்களுக்கு எதுக்கு? எருமைக்குப் பன்னீரா தெளிப்பாங்க?"

"மணல் தண்ணியைக் குடிக்குமேண்ணே."

"குடிச்சிட்டுப் போகட்டுமே. முத்திரை இருக்குல்ல? நானே எடை போட்டு, நானே வச்ச முத்திரை. ஒரு கிராம் ஏறாது, இறங்காது." ஈயத்தை விரலால் தட்டிக் காட்டினார். ஓசை கெட்டியாகத்தான் இருந்தது.

அவர் கெட்டவரல்லர். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆறு ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு முறை, யாரும் கேட்காத மரியாதையைப் பெண்களுக்குச் செய்துவந்தார். ஒவ்வொரு முதுகுக்கும் நான்கைந்து கிலோ மரியாதை. நமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளில் பாதி இப்படிக் கழுவித் துடைத்துத்தான் கையில் தரப்பட்டிருக்கின்றன, தோழர்களே. வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லியிருக்கிறோம்.

அவள் நன்றி சொல்லவில்லை. பயிற்சியாளரைத் தேடிப் போனாள். அவர் உடற்பயிற்சிக் கூடத்தில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், மூட்டைங்க நனைஞ்சிருக்கு. காலைல எடை போட்டுப் பாக்கணும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ரெண்டு தடவை தோத்தாச்சு, இப்ப மூட்டை மேல பழியா?"

"தராசுல வச்சா தெரிஞ்சிடும் சார்."

"முத்திரை உடையாத மூட்டையைத் தேர்வுக்கு முன்னாடி மறு எடை போடக்கூடாது. விதி. வேணும்னா மனு எழுதிக் குடு. குடுத்தா நாளைக்கு நடக்க முடியாது. அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான். உனக்கு வயசு என்ன இப்போ?"

வயது அவருக்குத் தெரியும்.

"நாப்பது செகண்டுல போன தடவை விட்ட. போய்த் தூங்கு. நாளைக்கு நீ தேறுவ, எனக்குத் தெரியும்," என்றார். அதில் பொய் இல்லை. அவள் தேற வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார்.

செவ்வாய்க் காலை ஐந்து பெண்கள் கோட்டில் நின்றார்கள். அவளுக்குப் பக்கத்தில் தொலைபேசிக்காரி. முகாமின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்கிறவள். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை மிச்சம் என்பதால் எல்லாருக்கும் அவள் குட்டை. அவளுக்கும் இதுதான் மூன்றாம் முறை.

"குட்டை, பையை இறுக்கிக் கட்டு. தண்ணி வடியும்."

"வடியட்டும்டி. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். போன தடவையும் முதுகு தொப்பலாச்சு. நான் என்னவோ எனக்குத்தான் அவ்வளவு வேர்க்குதுன்னு வெக்கப்பட்டேன்."

ஊதல் ஒலித்தது. நடந்தார்கள்.

அந்த நடையை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. தார்ச்சாலை, மண்சாலை, ஏற்றம், மறுபடி தார்ச்சாலை. நான்காம் கிலோமீட்டரில் ஈரம் இடுப்பைத் தாண்டியது. ஆறாவதில் காலுறைக்குள் இறங்கியது; ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸ் சத்தம் போட்டது. தோள்பட்டை வலி, வலி என்கிற நிலையைக் கடந்து, யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற நினைப்பாக மாறியது. வெற்றியைப் பற்றி அவள் எண்ணவில்லை. போர்வைகளை எண்ணினாள். அக்கா உருவும் போர்வைகள். ஐம்பது, அறுபது, நூறு. இருநூறு வந்ததும் மீண்டும் ஒன்று.

பத்தாம் கிலோமீட்டரில் குட்டையின் மூச்சு அறுந்தது.

"நீ போடி."

"வா, பேசாத."

"நான் கடிகாரத்தைப் பாத்துட்டேன். ரெண்டு பேரும் சேந்து தோத்தா நமக்கு எவன் சிலை வைக்கப் போறான்? போன்னா போ."

அவள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கால் நின்றுவிடும்.

ஒரு மணி, ஐம்பத்து நான்கு நிமிடம், ஐம்பத்தோரு விநாடி. ஒன்பது விநாடி மிச்சத்தில் அவள் கோட்டைத் தாண்டினாள். குட்டை வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்து முக்கால் நிமிடம் ஆகியிருந்தது. மற்ற மூவர் பின்னால், இன்னும் பின்னால்.

பயிற்சியாளர் ஓடிவந்து அவள் தோளைத் தட்டினார். "சொன்னேன்ல! ஒட்டகம்டா இது!" அவர் கண் கலங்கியிருந்தது. தேர்வு அதிகாரி மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து கை கொடுத்துவிட்டு, அவள் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினார். கையொப்பம் மட்டும் பாக்கி. பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

குட்டை புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். கலங்கிய நீர் கொட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வேலை முடிந்த பொருளை எடுத்து வைப்பதுபோல, காலுறையைப் பிழிந்து பக்கத்தில் வைத்தாள்.

ஓட்டுநர் பேனாவை வாங்கவில்லை. முதுகுப்பையும் இன்னும் இறங்கவில்லை.

"சார், இப்போ தேர்வு முடிஞ்சிடுச்சில்ல?"

"முடிஞ்சிடுச்சு. கையெழுத்துப் போடும்மா."

"இப்போ எடை போடலாமா?"

பயிற்சியாளர் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் பைத்தியமா? எடை பிசகுன்னு தெரிஞ்சா தேர்வே செல்லாது. விதியைப் படிச்சிருக்கியா இல்லையா? கூடினாலும் செல்லாது, குறைஞ்சாலும் செல்லாது. நீ ஜெயிச்சதும் செல்லாது."

"படிச்சிருக்கேன் சார்."

"அப்புறம்?"

"அவங்க தோத்ததும் செல்லாதுல்ல?"

புல்லிலிருந்து குட்டை கத்தினாள். "ஏய், வேண்டாம்டி! நீயாவது போய்த் தொலை! எனக்காக வள்ளல் வேஷம் போடாத!"

அவளுக்கு வள்ளல் ஆகும் தெம்பு இல்லை. களைத்திருந்தாள். முதுகில் இருப்பதை இறக்கி வைக்க வேண்டும், அதை ஒரு தராசின்மேல் இறக்கி வைக்க வேண்டும். அன்று அவளிடம் மிஞ்சியிருந்த ஆசை அவ்வளவே. ஒன்பது விநாடியை வைத்துக்கொண்டு போர்முனைக்குப் போகலாம். போன பிறகு, இந்த முற்றத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை ஈர மூட்டை தூக்கப்போகிறவர்களைப் பற்றி, 'நான் தேறினேனே, இவளுக்கு என்ன கேடு?' என்று கேட்கிறவளாகத் தானும் ஆகலாம். அதை நினைத்தபோது அவளுக்குத் தோள்வலியைவிடப் பெரிய அலுப்பு வந்தது.

கிடங்குக்கு அடுத்த அறை உணவுக்கிடங்கு. அங்கே மாவு மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசு உண்டு. சமையல்காரர் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் நேராக உள்ளே போனாள். பின்னாலேயே பயிற்சியாளர், அதிகாரி, வெறுங்காலோடு குட்டை. முதுகுப்பையிலிருந்து மூட்டையை உருவித் தராசில் வைத்தாள். முள் ஆடியது. நின்றது.

"இருபத்தொம்பது கிலோ, எரநூறு," என்றார் சமையல்காரர். "என்ன மாவும்மா இது, இவ்வளவு ஈரமா இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை.

"வழியெல்லாம் சொட்டினது போக," என்றாள் அவள்.

குட்டையின் மூட்டை வந்தது. இருபத்தொன்பதரை. பயிற்சியாளர் தாமாகவே ஓடிப்போய், ஆண்கள் திருப்பித் தந்ததில் கழுவாமல் மீந்திருந்த மூட்டையொன்றைத் தூக்கிவந்து வைத்தார். இருபத்தைந்து. ஒரு கிராம் ஏறவில்லை, இறங்கவில்லை.

கிடங்குக்காரர் கதவருகே வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. முள்ளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "ஆறு வருஷம்மா," என்றார். "ஆறு வருஷமா நானே..." அவருக்கு ஆறுதல் சொல்ல அங்கே யாருக்கும் வலுவில்லை.

பயிற்சியாளர் தராசை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "கூடம் கோணல்தாம்மா."

அதிகாரி தாளை எடுத்து, எழுதிய 'தேர்ச்சி'யைக் கோடு போட்டு அடித்தார். ஐந்து பெயர்களுக்கும் சேர்த்து ஒரே சொல் எழுதினார்: செல்லாது.

அடுத்த வார விடுப்பில் அவள் வீட்டுக்குப் போனபோது, அக்கா முதலில் கேட்டது இதுதான்.

"எடை போட்டியா?"

"போட்டேன்."

"எவ்வளவு?"

"இருபத்தொம்பதே சொச்சம்."

"முப்பது இருக்கும்னு நினைச்சேன்."

"வழியில வடிஞ்சது போகக்கா."

"அப்போ முப்பதுதான்," என்று அக்கா முடித்தாள். தொழில் தெரிந்தவளின் திருப்தி அந்த முகத்தில் ஒரு நொடி இருந்தது. பிறகு, "கையெழுத்துப் போட்டிருக்கலாமேன்னு மனசு அடிச்சுக்குதா?" என்று கேட்டாள்.

"தினமும்."

"அடிச்சுக்கத்தான் செய்யும். திரும்பிப் படு."

தைலப் புட்டியின் மூடி திறக்கும் ஓசை கேட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களை அழைத்திருக்கமாட்டேன். மறுதேர்வு நாள் பின்னர் அறிவிக்கப்படும் என்று முகாமின் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒட்டிய பசை காய்ந்துவிட்டது, தாள் வெயிலில் பழுத்துவிட்டது, நாள் வரவில்லை. ஏற்கெனவே தோற்ற நாற்பத்தோரு பேரைப் பற்றிக் கேட்டதற்கு, முடிந்த தேர்வுகளைத் திறக்க விதியில் இடமில்லை என்று ஒருவரிப் பதில் வந்தது. அன்று அவளுக்குப் பதினேழு வாரம் மிச்சமிருந்தது. இன்று ஒன்பது. அவள் லாரி ஓட்டுகிறாள். விடியற்காலையில், காய்ந்த மணலை மூட்டை கட்டி, முகாமைச் சுற்றி நடக்கிறாள். குட்டையும் பின்னால் நடக்கிறாள். கிடங்குக்காரர் ஒவ்வொரு நாளும் அந்த மூட்டைகளை அவர்கள் கண்முன் எடை போட்டுக் கொடுக்கிறார். முகாமில் திருந்தியவர் அவர் ஒருவர்தான். அவருக்கோ நாள் குறிக்கும் அதிகாரம் இல்லை.

அதிகாரம் உள்ளவர்கள் உறங்குகிறார்கள். ஒன்பது வாரமும் அப்படியே உறங்கிவிட்டால், கோப்பு தானாகவே மூடிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். அவளுக்கு வயதாகிவிட்டது என்று எழுதிவிட்டால் போதும். யாரும் குற்றவாளி இல்லை, எதுவும் நடக்கவில்லை.

ஆகவே, படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள். பாவம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லும் ஒரு குழாய்த் தண்ணீர்தான். இன்றே உட்கார்ந்து எழுதுங்கள். உங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கு எழுதுங்கள், வாசலில் போய் நின்று கேளுங்கள், வேலைசெய்யும் இடத்தில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். மறுதேர்வுக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்பது வாரம் முடியும் முன்னால் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாற்பத்தோரு பெண்களுக்கும் வயதைக் காட்டி மறுக்காமல் மீண்டும் வாய்ப்புத் தரச் சொல்லுங்கள். மூட்டை இருபத்தைந்தாகவே இருக்கட்டும். அந்தத் தராசை மட்டும் உணவுக்கிடங்கிலிருந்து தூக்கி, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி முற்றத்தின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

வைக்கும்வரை விடாதீர்கள்.